மணம் வரும்வரை வறுக்கவும்

சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. நாற்பது வருஷம் அதிகாரிகள் பேசியதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருப்பான். வாய் திறந்தால் மூட மாட்டான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

போன வாரம் உங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து, இது இவ்வளவு, அது இவ்வளவு என்று காகிதத்தில் அடித்துக் கொடுக்கிற கருவி வந்திருக்கிறது. காகிதம் வெளியே வந்தபோது உங்களில் ஒருவர் அதைக் கற்பூரத் தட்டைத் தொடுவது போல இரண்டு கையாலும் தொட்டு வாங்கினார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் ஒரு காலத்தில் ஓர் எண்ணை அப்படித்தான் பயபக்தியோடு வாங்கினேன். அந்த எண் ஒரு பெண்ணின் வேலையையும் அவள் குடியிருந்த வீட்டையும் பறிக்கப் பார்த்தது. இத்தனைக்கும் எண்ணில் ஒரு தப்பும் இல்லை.

ஐம்பதுகளின் கடைசி. பாலக்காட்டில் ஒரு தர்ம சங்கம் நடத்திய சின்னச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கடலைப் பிண்ணாக்கைச் சுத்தம் செய்து மாவாக்கி, பால் பவுடரும் வெல்லமும் சேர்த்து, தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குக் கொடுப்பது சங்கத்தின் திட்டம். நாங்கள் கோயில் தெருக் குடும்பம். எங்கள் வீட்டில் பிண்ணாக்கு என்றால் மாட்டுத் தொழுவத்துச் சமாசாரம். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் என் அப்பா, "பி.எஸ்ஸி. படிச்சது பிண்ணாக்கு இடிக்கறதுக்காடா?" என்று கேட்டார். அம்மா மட்டும், உத்தியோகம் உத்தியோகம்தான் என்று பாயசம் வைத்தாள்.

மாவு தயாரானது கோவிந்தாபுரத்தில், ஓர் எண்ணெய் ஆலையின் பின்கட்டில். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே வறுவல் மேஸ்திரியாக இருந்தவர் பழனிச்சாமி. நல்ல மனுஷர், தொழிலில் சுத்தம், பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. நாங்கள் வகுத்துக் கொடுத்த முறை இதுதான்: கடலை மாவைத் தனியாக இளவறுப்பாக வறுத்து, நன்றாக ஆறிய பிறகு பால் பவுடரையும் வெல்லத்தூளையும் கலக்க வேண்டும். ஏன் இந்த வரிசை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், மேலதிகாரி சொன்னார் என்று சொல்லியிருப்பேன். அதற்கு மேல் யோசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

டின்கள் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போயின. அம்மாக்கள் மலையில் வேலை செய்யும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. முதல் மாத மாவு போனதுமே ஒரு கடிதம் வந்தது. கொட்டகை ஆயா சொல்லச் சொல்லத் தோட்டத்துக் கம்பவுண்டர் எழுதியது. மாவில் பச்சை வாடை அடிக்கிறது, பிள்ளைகள் பாதியைத் துப்புகின்றன, ஏதாவது செய்யுங்கள் என்று இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து மேலதிகாரி விடுமுறையில் இருந்தார். எனக்கு இருபத்து நாலு வயது. சொந்தமாகக் கையெழுத்துப் போட ஒரு காகிதம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம். பேனாவை எடுத்தேன். பச்சை வாடை போக வேண்டும், அவ்வளவுதானே? எங்கள் வீட்டுச் சமையலறையில் அதற்கு ஒரே ஒரு அளவுதான் உண்டு. ஆலைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினேன்: "எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, நல்ல மணம் வரும்வரை வறுக்கவும்." கீழே என் பெயர். பெயருக்குக் கீழே பட்டம். பட்டத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு.

அடுத்த மாதம் வந்த மாவைத் திறந்ததும் சோதனைக்கூடமே மணந்தது. திரட்டுப்பால் கிண்டிய மாதிரி ஒரு வாசனை, காப்பிப்பொடி மாதிரி ஒரு நிறம். அந்தக் காலத்தில் பாலக்காட்டிலிருந்து உடும்பஞ்சோலைக்குப் போக வேண்டுமானால் சொந்த மாநிலத்திலிருந்து கிளம்பி, அடுத்த மாநிலத்தைக் குறுக்கே தாண்டி, போடி வழியாக மலையேறி மறுபடி சொந்த மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகள். முதல் மாதம் முகம் சுளித்து டின்னை மூடிய சாவடிக்காரர், இரண்டாம் மாதம் ஒரு டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, இது என்ன பலகாரம் என்று கேட்டாராம். இந்தச் செய்தியை லாரிக்காரர் வந்து சொன்னபோது எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

விடுமுறை முடிந்து வந்த மேலதிகாரி மாவை முகர்ந்தார். "வாசனை ஜோரா இருக்கேடா. நைட்ரஜன் பாத்தயோ?" என்றார்.

பார்த்தேன். மாவை அமிலத்தில் வேக வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, புரதம் இவ்வளவு என்று சொல்லும் பழைய முறை. நீங்களும் படித்திருப்பீர்கள். முதல் மாத மாவுக்கும் இரண்டாம் மாத மாவுக்கும் எண் ஒன்றுதான். "பின்னே என்ன, சத்தெல்லாம் அப்படியே இருக்காக்கும்" என்று அவர் தலையாட்டினார். எண்ணை நான் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துத் தோட்டத்து மேனேஜரிடமிருந்து கடிதம். டின்கள் தவறாமல் வருகின்றன, தவறாமல் காலியாகின்றன, குழந்தைகளுக்கு எடை ஏறவில்லை. ஆகவே கொட்டகை ஆயா மாவை வெளியே கடத்துகிறாள் என்று நிர்வாகம் முடிவுக்கு வந்திருக்கிறது. அன்வேஷணம் நடக்கப் போகிறது. அங்கே விசாரணைக்கு அதுதான் பெயர். மாவில் குறை ஏதும் இல்லை என்று எழுத்தில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

"நீ போய்ட்டு வா" என்றார் மேலதிகாரி. "நைட்ரஜன் சரியா இருக்குன்னு சொல்லு. ஒப்புப் போட்டுக் கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடி. மலையிலே குளிரும், கம்பளி எடுத்துக்கோ."

கம்பளி எடுத்துக்கொண்டேன். புத்தியை எடுத்துப் போகும்படி அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கொட்டகை வாசலில் மேஜை போட்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கோட்டயத்துக்காரர், கெட்டவர் இல்லை. ஒரு காரியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர். பக்கத்தில் கம்பவுண்டர், கையில் எடை நோட்டுடன். ஏலக்காய் நிறுக்கிற பெரிய தராசில் தூளி மாதிரித் துணி கட்டி, மாதா மாதம் குழந்தைகளை நிறுத்து எழுதி வந்திருந்தார். எதிரே ஆயா நின்றாள். ஞானம்மா என்று பெயர். முப்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலை போனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த ஓர் அறையும் போகும். இதை மேனேஜரே என்னிடம் சொன்னார், வருத்தத்தோடுதான் சொன்னார்.

சான்று ஏற்கெனவே தட்டச்சாகி மேஜைமேல் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. புரதம் குறையவில்லை, இரண்டு மாவிலும் எண் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். மேனேஜர் ஆயாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா? மாவு நல்ல மாவு. டின் காலி. பிள்ளைக்கு வெயிட் இல்ல. அப்போ மாவு எங்க போச்சு? நீ பறை."

ஞானம்மா அழவில்லை. எனக்கு அதுவே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். அவள் மேனேஜரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அய்யா, நீங்க படிச்சவுக. ஒண்ணு கேக்கேன். மொத மாசம் வந்த மாவைப் பிள்ளையள் துப்புச்சுவ. பாதி என் சீலையில, பாதி தரையில. அந்த மாசம் எடை ஏறிருக்கு. கம்பவுண்டரய்யா நோட்டைப் பாருங்க. பொறவு வந்த மாவை, தட்டை நக்குதுவ, இன்னுங் குடுன்னு கையை நீட்டுதுவ. எடை அப்படியே நிக்கு. களவாங்குதவ துப்புத மாவைக் களவாங்குவாளா, திங்குத மாவைக் களவாங்குவாளா, எனக்குத் தெரியாது. ஆனா துப்புனப்போ தேறுன பிள்ளை நக்கித் திங்கும்போது ஏன் தேறல? அதை நீங்க சொல்லுங்க."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பச்சை வாடை மாதத்தில் எல்லாப் பெயர்களுக்கும் நேரே எண் ஏறியிருந்தது. மணம் வந்த மாதங்களில் வரிசையாக நின்றுபோயிருந்தது. சில பெயர்களில் ஒரு படி இறங்கியும் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். நான் அங்கே ஏதோ உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வாசனையான மாவு வந்ததும் திருட ஆரம்பித்திருக்கலாமே என்று மேனேஜர் உடனே கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். நல்ல பலகாரம் மாதிரி மணக்கும் மாவு. யாருக்கும் ஆசை வரும். அவள் திருடவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சியமும் இல்லை. எதிரே பென்சில் குறி. கீழே ஜீப் காத்திருந்தது. மேலதிகாரி சொல்லி அனுப்பியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் பொய் சொன்னதாகவும் ஆகாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் கேட்டது, மாவு குழந்தையை வளர்க்குமா என்று. நான் அளந்தது, மாவில் நைட்ரஜன் எவ்வளவு என்று. வீட்டில் எத்தனை பேர் என்று தலையை எண்ணுகிறோம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் அந்த எண்ணிக்கையில் ஒரு தலைதான். அவரை நம்பி வயலில் ஏர் பூட்ட முடியுமா?

"சார், நைட்ரஜன் சரியாக இருக்கிறது என்று எழுதித் தருகிறேன். மாவு சரியாக இருக்கிறது என்று எழுதித் தர என்னால் முடியாது" என்றேன்.

மேனேஜர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணல்லே?"

"நேற்றுவரை ஒன்று என்றுதான் நினைத்தேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மாதம் அவகாசம் தந்தார். அதுவரை ஞானம்மா களையெடுப்புக்குப் போக வேண்டும், கொட்டகையை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள், லயத்து அறை இப்போதைக்கு இருக்கட்டும் என்றார். நான் மாவு டின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். ஞானம்மா அதற்குள் மண்வெட்டி எங்கே கிடைக்கும் என்று கம்பவுண்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் கோவிந்தாபுரத்தில் இறங்கினேன். ஆலைப் பின்கட்டில் பழனிச்சாமி கடாய் முன்னால் நின்றிருந்தார். மணம் தெருவரைக்கும் வந்து என்னை வரவேற்றது. உள்ளே போனால், கடாய்க்கு மேலே சுவரில் என் துண்டுச் சீட்டு. பசை தடவி ஒட்டி, ஓரத்தில் மஞ்சள் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள்.

"வாங்க சார், வாங்க. உங்க ஆர்டர்படிதானுங்க பண்ணிட்டிருக்கறோம். ஒரு எழுத்து மாறலீங்க" என்றார் பெருமையோடு.

மாவு காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. "போதுமே, மணம் வந்துவிட்டதே" என்றேன்.

"அப்படீங்களா?" என்று குனிந்து முகர்ந்தார். "இன்னும் வல்லீங்களே." இடுப்பிலிருந்து சின்னத் தகர டப்பாவை எடுத்தார். இரண்டு விரலில் மூக்குப்பொடியை அள்ளி, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, சங்கீத வித்துவான் தாளம் போடுவது போல முடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. மறுபடி முகர்ந்தார். "என்ற மூக்குக்கு வர்றதுக்கு இன்னொரு கால் மணி நேரம் ஆகுமுங்க. முப்பது வருசமாப் பொடி போடறனுங்க. லேசான வாசமெல்லாம் தட்டாதுங்க."

நான் அங்கிருந்த சாக்குமேல் உட்கார்ந்துவிட்டேன். மணம் வரும்வரை என்று எழுதினேனே, யாருடைய மூக்குக்கு என்று எழுதினேனா? எழுந்து சீட்டைச் சுவரிலிருந்து பிய்த்தேன். பழைய வரிசைக்கே திரும்பச் சொன்னேன்: கடலை மாவு மட்டும் கடாயில், இளஞ்சூட்டில், மூக்கை நம்பாமல் மணியைப் பார்த்து, பாலும் வெல்லமும் ஆறிய பிறகு. பழனிச்சாமிக்கு என்மேல் வருத்தம். "வாசம் இல்லாத மாவை ஆருங்க திம்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நம் தொழிலின் சங்கடமே அதுதான். கடலையிலும் பயறிலும் பச்சையாக இருக்கும்போது செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவற்றை அடக்கச் சூடு வேண்டும். சூடு மிஞ்சினால் வேறு கதை. பாலின் சர்க்கரையும் வெல்லத்தின் சர்க்கரையும் புரதத்திலுள்ள லைசினைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் சிவப்பு நிறமும், நாம் சப்புக்கொட்டும் மணமும் பிறக்கின்றன. பிடிபட்ட லைசினைக் குடலால் விடுவித்துக்கொள்ள முடியாது. வந்த வழியே வெளியே போகும். கடலையில் லைசின் குறைவு என்றுதான் பாலைச் சேர்த்தோம். சேர்த்த பாலை நானே கடாயில் போட்டு அதன் கையைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். நைட்ரஜன் எங்கும் போகவில்லை, அதனால் என் எண்ணும் அசையவில்லை. உங்கள் புதுக் கருவியும் யோக்கியம் என்று நினைக்காதீர்கள். அமிலத்தில் வேக வைக்கும்போது கட்டுண்ட லைசினில் ஒரு பங்கை அதுவே அவிழ்த்துவிட்டு எண்ணிக் காட்டும். கடலையில் வரும் பூஞ்சை விஷத்தைப் பற்றி அப்போது எங்களுக்குத் தெரியவே தெரியாது. அது பின்னால் வந்த தலைவலி.

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டையும் காட்டினேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"நோக்கு பிராந்தாடா? சமையல் குறிப்பா எழுதச் சொன்னேன்?" என்று ஆரம்பித்து, காப்பி ஆறும்வரை திட்டினார். பிறகு, "ஊகம் வேண்டாம். எலிக்குப் போட்டுப் பாத்துடுவோம்" என்றார்.

எங்களிடம் கொஞ்சம் வெள்ளை எலிகள் இருந்தன. மேலதிகாரி ஆசாரமானவர், எலி அறைக்குள் போய்விட்டு வந்தால் குளிக்காமல் மத்தியானச் சாப்பாடு கிடையாது. அந்த மாதம் அவர் குளித்த குளியலில் கிணறு இறங்கியிருக்கும். ஒரு கூட்டத்துக்கு வெளிர் மாவு, இன்னொரு கூட்டத்துக்கு மலையிலிருந்து நான் கொண்டுவந்த சிவந்த மாவு. சிவந்த மாவுக்காரர்கள் கிண்ணத்தைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தால், வெளிர் மாவு எலிகள் மினுமினுவென்று வளர்ந்திருந்தன. மற்றவை வந்த நாளில் இருந்த உருவத்திலேயே, மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தன. அறிக்கையில் சேர்க்க இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? எனக்கு ஒரே உற்சாகம்.

மேலதிகாரி அறிக்கை எழுதினார். அழகான ஆங்கிலம். மாவின் தயாரிப்பு முறை மறுஆய்வு செய்யப்பட்டு மேம்படுத்தப்பட்டுள்ளது என்று இருந்தது. யார் கெடுத்தது, எப்போது கெட்டது என்ற பேச்சே இல்லை. இந்த மாதிரி வாக்கியம் எழுத உங்களுக்கும் சீக்கிரமே சொல்லித் தருவார்கள்.

"இதிலே அந்த ஆயா எங்கே சார்?" என்றேன்.

"அவ எதுக்குடா இதிலே?"

"மாவு மேம்பட்டது என்றால், இனிமேல் எடை ஏறும். புது ஆயா வந்தாள், எடை ஏறியது என்றுதானே சார் அங்கே பேசுவார்கள்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.  சங்கத்துக்காரர்கள் என்னை வெளியே அனுப்பினால் அவரால் தடுக்க முடியாது என்றார். தெரியும் என்றேன். உண்மையில் தெரியாது, வீட்டில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே அறிக்கையின் அடியில் இரண்டு வரி சேர்த்தார். மூன்று மாத மாவு சத்துக் கெட்டது என்றும், அதற்குக் காரணம் எங்கள் கூடத்திலிருந்து போன தவறான குறிப்பு என்றும், ஆயாவுக்கு இதில் பங்கில்லை என்றும். தன் கையெழுத்தை என் கையெழுத்துக்கு மேலே போட்டார். "சாரமில்லை, பரவால்லே, போ. திட்டறதை முதல்லே நான் வாங்கிக்கறேன்" என்றார். அவரை எனக்கு அன்றுதான் பிடித்தது.

அறிக்கையைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு மலையேறினேன். உண்மையைச் சொல்வதென்றால், நன்றி சொல்லப்படுவதை நேரில் கேட்க ஆசை. மேனேஜர் படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார், அங்கேயே உத்தரவு போட்டார். ஞானம்மா கொட்டகைக்குத் திரும்பினாள். களையெடுத்துக் கை காய்த்திருந்தது. நான் அவளிடம் எலிச் சோதனையை விவரமாகச் சொன்னேன், நாலு வாரம், இரண்டு கூட்டம், எல்லாம். என் சீட்டைப் பற்றியும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அதை நான் கொஞ்சம் நன்றாகவே கேட்டதாக எனக்கு நினைப்பு.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சரிய்யா. எம் பேரு திரும்பி வந்துட்டு. நல்லாருங்க. நீங்க எலிக்குப் போட்டுப் பாத்த மாசத்துல எங்க பிள்ளையளுக்கு என்ன போட்டிய?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. ஆலையில் முறையை மாற்றினேனே தவிர, மலைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த டின்களை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதவில்லை. எனக்கும் தோன்றவில்லை, மேலதிகாரிக்கும் தோன்றவில்லை. சாட்சியம் வேண்டும் என்று எலிகளை நிறுத்துக்கொண்டிருந்த நாலு வாரமும் குழந்தைகள் அதே மாவைத்தான் நக்கித் தின்றிருக்கின்றன. எலிகளில் பாதிக்காவது நல்ல மாவு கிடைத்தது. வெட்கத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன மாசம் வராது" என்றாள் அவளே. "அதை விடுங்க. ரொம்ப வாடுன பிள்ளையளுக்குக் கூடக் கொஞ்சம் போடணும். நான் போட்டா, நாளைக்கு மாவு எங்கன்னு திரும்பயும் கேப்பாவ. நீங்க எழுதித் தாங்க."

எழுதினேன். "பலவீனமான பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டி மாவு கொடுக்கவும்." மிஷன் பள்ளியில் நாலாவது படித்தவள், வாங்கி வாய்க்குள் படித்துப் பார்த்தாள்.

"கரண்டின்னா எந்தக் கரண்டிய்யா? உங்க வீட்டுக் கரண்டியா, எங்க கரண்டியா?"

கிழித்துப் போட்டுவிட்டு, தராசில் வைத்து நிறுத்து, எடையைப் போட்டு எழுதினேன். அதையும் படித்தாள்.

"பலவீனமானன்னா யாரு? கம்பவுண்டரய்யா பாத்துச் சொல்லுத பிள்ளையளா, மேனேஜரய்யா பாத்துச் சொல்லுத பிள்ளையளா?"

அதையும் கிழித்தேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. பரீட்சையில் கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெயர்களைச் சொல்லும்படி கேட்டு மூன்றாவது காகிதத்தை எடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தோணி, மாரியம்மா, இன்னொரு மாரியம்மா, பொன்னுச்சாமி. அப்பா பெயரும் லயத்து எண்ணும் சேர்த்துச் சொன்னாள், இரண்டு மாரியம்மாக்களும் குழம்பிவிடக் கூடாது என்று. பத்துப் பெயர் ஆயிற்று. பதினோராவதுக்குக் கொஞ்சம் தயங்கினாள்.

"எஸ்தரு."

எடை நோட்டில் ஒரு படி இறங்கியிருந்த பெயர்களில் அதுவும் ஒன்று. விசாரணை அன்றே நான் அதன்மேல் விரல் வைத்துப் பார்த்திருந்தேன். எழுதிக்கொண்டே, அப்பா பெயர் என்ன என்று கேட்டேன்.

"அப்பா இல்ல. எம் பேரைப் போடுங்க. அது எம் பிள்ளை."

என் பேனா நின்றது. மாவைக் களவாடியவள் முதலில் தன் பிள்ளைக்கு அல்லவா போட்டிருப்பாள்? மேனேஜர், கம்பவுண்டர், பட்டம் வாங்கிய நான், மூன்று பேருக்கும் நடுவில் அந்த நோட்டு திறந்து கிடந்தது.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஞானம்மா?" என்றேன்.

"நீங்க யாராச்சும் கேட்டியளா?" என்றாள்.